சித்தப்பா வண்டியின் சிவப்பு விளக்கு

சித்தப்பாவின் வண்டியில் பின்னால் இருந்த சிவப்பு விளக்கு அணையாமல் எரிய ஆரம்பித்தபோது, முதல் இரண்டு நாள் எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. திருவள்ளூரில் எங்கள் தெருவில் மோட்டார் சைக்கிள் என்று ஒன்று நின்றதே எங்கள் வீட்டு வாசலில் மட்டும்தான். அது தெருக்கோடி திரும்புகிற வரைக்கும் சிவப்பாக ஒளிர்ந்துகொண்டே போனால், பார்க்கிறவர்கள் பார்க்கட்டுமே என்று இருந்தது. பிரேக்கை மிதித்தால் மட்டும் எரிய வேண்டிய விளக்கு அது, சும்மா போகும்போது எரிந்தால் கோளாறு என்பதெல்லாம் ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் காலையில் வண்டி கிளம்பவே இல்லை. அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

சின்ன வண்டிதான். சித்தப்பா அதை யாரிடமிருந்தோ பழசாக வாங்கியிருந்தார். பெட்ரோல் டேங்கில் ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருக்கும். கொஞ்சம் வேகமாகப் போனால் மட்கார்டு முதல் நம்பர் பலகை வரை எல்லாம் சேர்ந்து உதறும். ஆனால் அந்த வண்டி இல்லாவிட்டால் சித்தப்பாவுக்கு வேலையும் இல்லை. கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருந்த ஓர் இரும்புக் கம்பி இழுக்கும் ஆலையில் அவர் ஃபிட்டர். திருவள்ளூரிலிருந்து அங்கே ரயிலில் போக வேண்டுமென்றால் சென்னைக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். பஸ் மாறி மாறிப் போனால் எட்டு மணிச் சங்கு ஊதி முடித்திருப்பார்கள். வண்டியில் பெரியபாளையம், ஆரணி, கவரைப்பேட்டை என்று குறுக்கே விழுந்து போனால் ஒன்றரை மணி நேரம்.

அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். சித்தப்பாவுக்கும் தோன்றியது. ஆனால் அப்பா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். எங்கே போய் என்ன வேலை வேண்டுமானாலும் செய்யட்டும், ராத்திரிச் சாப்பாடு இந்த வீட்டில்தான் என்று. இதைக்கூட அவர் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னார்.

ஏனென்றால் அப்பா சித்தப்பாவோடு பேசுவதை நிறுத்தி அப்போது ஏறக்குறைய ஆறு மாதம் ஆகியிருந்தது.

அப்பா கோயில் மடப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை, அதாவது நைவேத்தியச் சமையல், பண்ணுகிறவர். அவருக்கும் சித்தப்பாவுக்கும் பதினான்கு வயது வித்தியாசம். சித்தப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடி வளர்த்ததெல்லாம் அப்பாதான். தனக்கு அடுத்தபடி மடப்பள்ளியில் தம்பி நிற்பான் என்பதில் அப்பாவுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. சித்தப்பாவுக்கோ சின்ன வயதிலிருந்தே இரும்பின் மேல்தான் கண். கிணற்று ராட்டினத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு மாட்டத் தெரியாமல் ஒருநாள் முழுக்க வீட்டைத் தண்ணீருக்குத் தவிக்கவிட்டவர். தொழிற்பயிற்சிப் படிப்பை முடித்துவிட்டு ஆலையிலிருந்து வந்த கடிதத்தை அவர் அப்பாவிடம் காட்டியபோது, அப்பா அதைப் படித்துத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான், பேச்சு நின்றுவிட்டது.

நின்றுவிட்டது என்றால் விஷயங்கள் போய்ச் சேராமல் இல்லை. நான் இருந்தேன். “சித்தப்பாகிட்ட நாளைக்கு அமாவாசைன்னு சொல்லு” என்பார் அப்பா. சித்தப்பா மூன்றடி தள்ளி உட்கார்ந்திருப்பார். நான் திரும்பி, “நாளைக்கு அமாவாசையாம்” என்பேன். “தெரியும்னு சொல்லு” என்பார் சித்தப்பா. நான் இந்தப் பக்கம் திரும்பி, “தெரியுமாம்” என்பேன். எனக்கு இதில் சலிப்பே வந்ததில்லை. வீட்டில் இரண்டு பெரியவர்கள் நம்மை நம்பி இருப்பது லேசான காரியமா?

ஆலையில் சித்தப்பா முதல் ஆறு மாதம் தற்காலிகம். அதற்குப் பிறகு நிரந்தரம் ஆக்குவார்கள். அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார் அங்கே ஃபோர்மன். ஆறு மாதத்துக்குள் மூன்று தடவை சங்கு ஊதிய பிறகு உள்ளே வந்தால் கையெழுத்துப் போட மாட்டார். வேறு நூறு பேர் வாசலில் நிற்கிறார்கள் என்று சொல்லிவிட்டாராம். நிரந்தரம் ஆகாவிட்டால் மடப்பள்ளியில் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. அதை வேறொருவருக்குக் கொடுக்கக் கோயிலில் இரண்டு தடவை கேட்டும் அப்பா ஏதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். ஆகவே, தம்பிக்கு ஆலை வேலை பறிபோகட்டும் என்றுதான் அப்பா காத்துக்கொண்டிருக்கிறார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. வண்டிக்குப் பூஜை உண்டா என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். அவர் அந்த வண்டிப் பக்கமே போக மாட்டார். அதன் சீட் தோல் என்பது அவர் கட்சி. ரெக்ஸின் என்று சித்தப்பா என் மூலமாக நாலைந்து தடவை சொல்லியனுப்பியும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. குளித்து மடியாகக் கோயிலுக்குப் புறப்படுகிற மனுஷர், வாசலில் வண்டி நின்றால் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு சுவரோரமாகப் போவார்.

அம்மா என்னிடம் ஒரு கிண்ணம் சந்தனத்தைக் கொடுத்து, “போய் நீயே வெச்சுடு. ஒரு பொட்டு போறும்” என்றாள். ஒரு பொட்டு எப்படிப் போதும்? நான் முன்விளக்கில் வைத்தேன். கைப்பிடி இரண்டிலும் வைத்தேன். டேங்கின் பள்ளத்தை நிரப்பப் பார்த்தேன், அது முடியவில்லை. பின்னால் சிவப்புக் கண்ணாடியில் நடுவில் பெரிதாக வைத்து, மிச்சமிருந்ததை அதன் ஓரமெல்லாம், திருகாணி இடுக்கெல்லாம் விரலால் வழித்துத் தேய்த்தேன். அதற்கு மேல் குங்குமம், அதற்கு மேல் ஒரு முழம் கதம்பம். சித்தப்பா பார்த்துவிட்டு, கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறது என்றார். அன்று ராத்திரி நல்ல மழை பெய்தது. விஜயதசமி விடுமுறை முடிந்து வேலைக்குப் புறப்பட்டபோதுதான் விளக்கு எரிய ஆரம்பித்து, பிறகு அணையவே இல்லை.

வண்டி கிளம்பாத அந்தக் காலையில் சித்தப்பா அம்மாவுக்கு விளக்கிச் சொன்னதை நான் கதவோரத்தில் நின்று கேட்டேன். சாவியைத் திருப்பியதிலிருந்து நிறுத்துகிற வரை பின்விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. போக ஒன்றரை, வர ஒன்றரை என்று மூன்று மணி நேரம். அது பேட்டரியைக் குடித்துவிடுகிறது. பேட்டரி காலியானால் இந்த வண்டி கிளம்பாது. பின்விளக்கில் ஏதோ கோளாறு என்று அவர் சொன்னதும் நான் கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். பின்விளக்கில் கோளாறு என்றால் அது நான்தான். சந்தனம் உள்ளே போயிருக்கிறது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் சித்தப்பா கைகால் கழுவப் போன நேரம் பார்த்து ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்தேன். திருகாணி இடுக்கில் போகவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை அதன் தலையில் ஊற்றினேன். கழுவினால் போய்விடும் என்பதுதான் என் எண்ணம். மறுநாள் விளக்கு இன்னும் பளிச்சென்று எரிந்தது.

அந்த இரண்டு வாரமும் எங்கள் வீட்டில் பொழுது விடிந்ததே வண்டியைத் தள்ளித்தான். விடியற்காலை ஐந்தரைக்குச் சித்தப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். அம்மா மடிசாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளுவாள். அம்மாவுக்குப் பக்கத்தில் நான் ஒரு கை கொடுப்பேன். அந்த விளக்கு என் மூக்குக்கு நேரே இருக்கும். சில நாள் தெருக்கோடியில் வண்டி இருமிவிட்டுக் கிளம்பும். கிளம்பவே கிளம்பாத அந்த முதல் நாளே சித்தப்பா ஒரு தடவை சங்குக்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்திருந்தார். கோலம் போட்டுக்கொண்டிருந்த தெருப் பெண்களெல்லாம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வார்கள். அப்பா அந்நேரம் கோயிலில் இருப்பார். இருந்திருந்தாலும் தள்ளியிருக்க மாட்டார் என்று நான் மனதுக்குள் கடுகடுத்துக்கொண்டேன்.

ரிப்பேர் பார்க்காமல் இல்லை. ரயிலடிப் பக்கத்து மெக்கானிக் பின்விளக்கைக் கழற்றிப் பார்த்து, உள்ளே எல்லாம் சுத்தமாக இருப்பதாகச் சொல்லி, பல்பை எடுத்துச் சித்தப்பா கையில் கொடுத்தார். விளக்கே இல்லாவிட்டால் எரியாது அல்லவா? இது இரண்டு நாள் நன்றாகத்தான் போயிற்று. மூன்றாம் நாள் பொழுது சாய்கிற நேரம், வெங்கல் தாண்டி ஓர் எருமை குறுக்கே வந்ததற்குச் சித்தப்பா பிரேக் பிடித்திருக்கிறார். பின்னால் வந்த லாரிக்காரருக்கு அது தெரியவில்லை. லாரி சாலையை விட்டு இறங்கிப் போய் நின்றதாம். வீட்டுக்கு வந்து மூன்று டம்ளர் தண்ணீர் குடித்த பிறகுதான் சித்தப்பா இதைச் சொன்னார். அம்மா பெருமாள் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு பல்பை மறுபடி மாட்டவைத்தாள்.

இன்னொரு கடையில் ஒயர் மாற்றினார்கள். வேறொரு கடைக்காரர் பேட்டரியே கெட்டுவிட்டது, புதிதாகப் போடு என்றார். புதிதாகப் போட்டார் சித்தப்பா. அதையும் விளக்கு குடித்தது. அடுத்த வாரமே பெரியபாளையத்தில் வண்டி நின்றுபோய், அங்கிருந்து ஒரு நெல் வண்டியில் பாதி தூரமும் நடந்து பாதி தூரமுமாக அவர் இரண்டாம் தடவை தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். ஆறு மாதம் முடிய இன்னும் எட்டு நாள் இருந்தது. ஃபோர்மன் இரண்டு விரலைக் காட்டினாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா என்னை அழைத்துக்கொண்டு கவரைப்பேட்டைக்குக் கிளம்பினார். அங்கே கழனிக்காரர்களுக்குப் பம்ப்செட் ரிப்பேர் பார்க்கிற ஒருவர் இருப்பதாகவும், மோட்டாரைக் கையால் தொட்டே நோய் சொல்வார் என்றும் ஆலையில் ஒருவர் சொல்லியிருந்தார். என்னை எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, மிதியை மிதித்துப் பார்க்கும்போது பின்னால் நின்று எரிகிறதா அணைகிறதா என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றார். அம்மா இரண்டு பேருக்கும் புளியோதரை கட்டிக் கொடுத்தாள்.

வழி நெடுகச் சித்தப்பாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல். சொல்லிவிடலாம் என்று ஆரணிப் பாலத்தில் ஒரு தடவை வாயைத் திறந்தேன். காற்று வாய்க்குள் போயிற்று. மூடிக்கொண்டேன். சித்தப்பா வேலையை இழந்து, துண்டைக் கட்டிக்கொண்டு மடப்பள்ளியில் அண்டாவைக் கிளறுவதாகவும், என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வதாகவும் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. என்னால்தான் என்று தெரிந்தால் அவரும் என்னோடு பேசுவதை நிறுத்திவிடுவார். அப்புறம் இவருக்கும் எனக்கும் நடுவே யார் சேதி சொல்வது?

பம்ப்செட்காரரின் கடை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. வெளியே நான்கைந்து மோட்டார்கள் மண்ணில் கிடந்தன. அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். சித்தப்பாவின் நெற்றியைப் பார்த்துவிட்டு சாமி என்று கூப்பிட ஆரம்பித்தார். மோட்டார் சைக்கிள் தன் தொழில் இல்லை, ஆனாலும் பார்க்கிறேன் என்றார். என்னைப் பார்த்து, “பாப்பா, நீ பின்னால போய்க் குந்திக்கினு அந்த லைட்டையே பாத்துக்கினு இரு. அணைஞ்சா ஒரு கொரலு குடு” என்றார்.

நான் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். சித்தப்பா சாவியைத் திருப்பினார். விளக்கு எரிந்தது. திருகாணி இடுக்கில் நான் வைத்த சந்தனம் காய்ந்து இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டியின் பக்கவாட்டில் இரண்டு பேரும் குனிந்தார்கள். என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. பேச்சு மட்டும் கேட்டது.

“அல்லாரும் பின்னாலருந்தே பாத்துக்கினு வந்துகிறாங்க. மிதிகிட்ட இன்னா கீதுன்னு ஒருத்தனும் பாக்கல” என்றார் பம்ப்செட்காரர். சேற்றைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் சிரித்தார்.

“இன்னா சாமி இது. உனுக்கு யாரோ நல்லா நாமம் போட்டுக்கிறாங்க.”

சித்தப்பா தரையில் மண்டி போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.

“மொத்தமா வழிச்சுடவா?”

“வேண்டாம். அந்த ஓட்டையில இருக்கறதை மட்டும் எடுங்கோ. மத்தது இருக்கட்டும்.”

மறுபடி சுரண்டுகிற சத்தம். மண்ணெண்ணெய் வாசனை வந்தது. என் கண்ணுக்கு நேரே விளக்கு அணைந்தது. சித்தப்பா மிதியை மிதித்தார், எரிந்தது. விட்டார், அணைந்தது. நான் குரல் கொடுக்கவில்லை, அழுதேன்.

அவர்கள் ஓடிவந்தார்கள். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். சந்தனம் வைத்தது, இடுக்கெல்லாம் தேய்த்தது, தண்ணீர் ஊற்றியது. சித்தப்பா என்னைத் தூக்கிச் சீட்டில் உட்காரவைத்துத் தன் துண்டால் முகத்தைத் துடைத்தார். “நீ இல்லேடி. உன் சந்தனத்தால ஒண்ணும் ஆகலை” என்றார்.

“பின்னே யாரு?”

“யாரோ” என்று சொல்லிவிட்டு அவர் ரயில்வே கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. மண்ணெண்ணெய் பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

பம்ப்செட்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, “இவ்ளோதான். இதுக்கா ரெண்டு வாரமா பேஜார் பட்டுக்கினு இருந்த?” என்று கேட்டார். காசு எதுவும் வேண்டாம் என்று சொல்லி எனக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் டீ கிடையாது. நான் குடித்ததை வீட்டில் சொல்ல வேண்டாம் என்று சித்தப்பா சொன்னார்.

அவர்கள் குனிந்து பார்த்தது என்ன என்பது முழுதும் எனக்குத் தெரியவந்தது எனக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகு. சித்தப்பாதான் சொன்னார். பிரேக் மிதிக்குப் பக்கத்தில், வண்டிக்கு அடியில், தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஒரு டப்பி இருக்குமாம், அதுதான் பின்விளக்கின் சுவிட்ச். அதிலிருந்து ஒரு சின்னக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். மிதித்தால் குச்சி வெளியே வரும், விளக்கு எரியும். விட்டால் உள்ளே போகும், அணையும். அந்த டப்பியின் மேல், நெற்றியில் இடுகிற நாமம் போலவே அழகாகத் திருமண் இட்டிருந்தது. இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு, நடுவே சிவப்பாக ஸ்ரீசூர்ணம். வெளியே யார் கண்ணுக்கும் தெரியாத இடமாகத் தேடி, தட்டையாக இருந்த ஒரே இடத்தைக் கண்டுபிடித்து இட்டிருக்கிறது அந்தக் கை. ஆயுத பூஜை அன்று ராத்திரி பெய்த மழையில் ஒரு கோடு கரைந்து குச்சி இருந்த ஓட்டைக்குள் இறங்கி, காய்ந்து, குச்சியைக் கல் மாதிரிப் பிடித்துக்கொண்டுவிட்டது. மேலே சேறு மூடிவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை.

யார் என்று சித்தப்பா கேட்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டில் திருமண் இட்டுக்கொண்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் வண்டியில் தினமும் ஏறுகிறவர். இன்னொருவர் ஆயுத பூஜை அன்று விடிவதற்கு முன் கிணற்றில் இரண்டு தடவை குளித்தார் என்று அம்மா பிற்பாடு சொன்னாள். ஏன் என்று அவள் கேட்டதற்கு, தோலைத் தொட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னாராம். அம்மா அதைச் செருப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் கவரைப்பேட்டையில் அன்று எனக்கு இதில் எதுவும் தெரியாது. எனக்குக் காதில் விழுந்தது ஒரே ஒரு வாக்கியம். அதற்கு அர்த்தம் எனக்கு நன்றாகவே தெரியும். எங்கள் பள்ளிக்கூடத்தில் யாராவது பென்சிலை வாங்கிக்கொண்டு திருப்பித் தராவிட்டால், நாமம் போட்டுட்டான் என்பார்கள். அதாவது ஏமாற்றிவிட்டான். இதை ஒருமுறை வீட்டில் சொல்லி அப்பாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். தினமும் நெற்றியில் இட்டுக்கொள்வதை ஏமாற்று வேலைக்குப் பேராக வைப்பதா என்று அவர் கத்தியதில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ஆகவே அன்று நான் கண்டுபிடித்தது இதுதான்: சித்தப்பாவை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள். யோசித்துப் பார்த்ததில் அது புதுப் பேட்டரி விற்ற கடைக்காரனாகத்தான் இருக்க வேண்டும். அவன் மூக்கைப் பார்த்தாலே அப்படித்தான் இருக்கும்.

விளக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சித்தப்பா வண்டியைக் கும்மிடிப்பூண்டி வரைக்கும் விட்டார். அவருடைய ஆலையை அன்றுதான் பார்த்தேன். பெரிய கோபுரம் போல எதையோ எதிர்பார்த்திருந்தேன். அது பொட்டல் வெளியில் ஒரு நீளமான தகரக் கூரை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் சத்தமில்லை. இரும்பு கேட்டின் கம்பி வழியாகச் சித்தப்பா ஒரு மூலையைக் காட்டி, அங்கேதான் என் மிஷின் என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிகிறது என்று சொன்னேன். கேட் நிழலில் உட்கார்ந்து புளியோதரையைச் சாப்பிட்டோம். திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வந்தார்.

மிச்ச நாளெல்லாம் சித்தப்பா நேரத்துக்குப் போனார், ஃபோர்மன் கையெழுத்துப் போட்டார். அந்த ஆலையிலேயே முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றார். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு வேளையில் இது எங்கள் யாருக்கும் தெரியாது.

கோயிலில் சாயரட்சைப் பூஜை முடிந்து அப்பா வந்ததும் இலை போட்டாள் அம்மா. வழக்கம்போல் இந்தப் பக்கம் அப்பா, எதிர்ப்பக்கம் சித்தப்பா, நடுவில் பக்கவாட்டில் நான். சாத்தமுது என்று நாங்கள் சொல்கிற ரசச் சாதம் வரைக்கும் வந்தாயிற்று. பிறகு அப்பா என்னைப் பார்த்து, “வண்டி சரியாச்சான்னு கேளு” என்றார்.

இதற்குச் சித்தப்பாவைக் கேட்க வேண்டியதே இல்லை. நானே நேரில் பார்த்தவள். “ஆயிடுத்துப்பா” என்றேன். “விளக்கு இப்போ அணையறது. சித்தப்பாவுக்கு யாரோ நாமம் போட்டுட்டாளாம். அதனாலதான் ரெண்டு வாரமா அணையாம எரிஞ்சு, வண்டி நின்னு நின்னு போச்சாம். பம்ப்செட்காரர் சொன்னார்.”

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்த வார்த்தை. அதுவும் சாப்பாட்டு வேளையில். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். எனக்கு இன்றைக்கு அடி உண்டு என்று உறுதியாகிவிட்டது.

அப்பா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிசைந்த சாதத்தையே மறுபடி பிசைந்தார். அவர் முகம் கறுத்துப்போயிருந்தது. என்னைத் திட்டுவதற்கு வார்த்தை தேடுகிறார் என்று நினைத்தேன். பிறகு என்னைத் தாண்டி, நேராக எதிர்ப்பக்கம் பார்த்து, “அதனாலயாடா?” என்றார்.

ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் சித்தப்பாவிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். குரல் கேட்டும் கேட்காமலும் வந்தது.

“அதெல்லாம் இல்லேண்ணா” என்றார் சித்தப்பா. “மழை பெஞ்சுது. அதான்.”

“ரெண்டு நாள் லேட்டாப் போனியே.”

“அது பேட்டரி.”

அப்பா மறுபடி இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். “உனக்கு ஒண்ணும் ஆகப்படாதுன்னுதான்” என்று ஆரம்பித்தவர் அங்கேயே நின்றுவிட்டார். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். திட்டு எனக்குத்தான் விழப்போகிறது, அம்மா எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

சித்தப்பா இலையில் விரலால் கோடு கிழித்துக்கொண்டே, “அடியில வேண்டாம்ணா. அங்கே சுவிட்ச் இருக்கு. அடுத்த தடவை டேங்க்லயே போட்டுடுங்கோ” என்றார்.

“எல்லாருக்கும் தெரியறாப்பலயா?”

“தெரிஞ்சா தெரியட்டுமே.”

அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார். நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரு தடவை ஏமாந்தது போதாதென்று, அடுத்த தடவை ஊர் பார்க்க டேங்கிலேயே போடுங்கள் என்று கேட்கிறார் ஒருத்தர். அதற்குச் சரி என்று தலையாட்டுகிறார் இன்னொருத்தர். பேட்டரிக் கடைக்காரனைப் பற்றி ஒரு பேச்சில்லை. பெரியவர்கள் என்றுதான் பேர், இரண்டு பேருக்கும் கொஞ்சமும் விவரம் போதாது என்று நினைத்துக்கொண்டு, நான் மோருக்கு இலையை நகர்த்தினேன்.